பெயர் சூட்டிக்கொண்ட நகல்

"தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை" என்பது நம் பழமொழி. பிள்ளைகள் தம்மை ஒத்திருக்க வேண்டும் என்ற ஆசை உலகில் எல்லாப் பெற்றோருக்கும் உண்டு. முகச்சாயலில் தொடங்கும் இந்த ஆசை குரல், நடை, குணம், தொழில் என்று வளர்ந்துகொண்டே போகும். ஒருவன் தன்னைப் போலவே அணுவளவும் மாறாத ஆயிரமாயிரம் உருவங்களைப் படைத்துக்கொள்ள வல்லவனானால் என்ன நேரும்? அவற்றுள் ஒன்று சிறிது மாறி அமைந்துவிட்டால் அதன் கதி யாது? இவ்விரு வினாக்களையும் எழுப்பிச் சிறுவர்க்கும் விளங்கும் வண்ணம் விடை காண முயன்ற விஞ்ஞானக் கற்பனைச் சித்திரத் தொடர் ஒன்று உண்டு. 'ஷீ-ராவும் ஆற்றல்மிகு இளவரசிகளும்' என்று பொருள்படும் பெயர் கொண்ட அமெரிக்கத் தொடர் அது. அதில் வரும் ஹோர்டாக் என்னும் வேற்றுலகப் போர்வீரனைப் பற்றியதே இக்கட்டுரை.

சித்திரப் படம் என்றதும், குழந்தைகளைச் சிறிது நேரம் சந்தடியின்றி உட்கார வைக்கும் சாதனம் என்று எண்ணிப் பெரியவர்கள் தத்தம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். வண்ணமும் கூச்சலும் வாட்போரும் நிறைந்த படங்களுள் சிந்தனைக்கு உரியவை அரியவை என்பது உண்மையே. ஆயினும் அத்தகைய அரியவற்றுள் ஒன்றைப் பிள்ளைகள் பார்க்கும்போது, அவர்கள் உள்ளத்தில் என்ன பதிகிறது என்று அறிந்துகொள்வது நம் கடமை. ஹோர்டாக்கின் கதை பெரியோரும் உடன் அமர்ந்து பார்த்து, பின்னர் வீட்டில் வாதிடத்தக்க கதை.

பொம்மையாய்ப் பிறந்த பகைவன்

ஹோர்டாக் முதன்முதலில் தோன்றியது 1985-ஆம் ஆண்டில். மாட்டெல் என்னும் அமெரிக்கப் பொம்மை நிறுவனம் ஹீ-மேன் என்ற வீரனையும் அவன் பகைவர்களையும் பொம்மைகளாக வார்த்து விற்றுவந்தது. அந்த வரிசையில் புதிய பகைவனாக வந்தவன் ஹோர்டாக். அதே ஆண்டில் பில்மேஷன் என்னும் படநிறுவனம் ஹீ-மேனின் இரட்டைச் சகோதரியான ஷீ-ராவைத் தலைவியாக்கி ஒரு தொடரைத் தயாரித்தது. தொண்ணூற்று மூன்று பகுதிகள் கொண்ட அத்தொடரில் ஹோர்டாக் வழக்கமான கொடியவனாகவே வருகிறான். உரக்கச் சிரிப்பான், கையைப் பீரங்கியாக மாற்றிக்கொள்வான், திட்டமிடுவான், தோற்பான், மறுவாரம் மீண்டும் வருவான். அவனுக்கு மேலே ஹோர்ட் பிரைம் என்ற பேரரசன் ஒருவன் உண்டு. அவன் ஹோர்டாக்கின் உடன்பிறந்தான் என்று அத்தொடர் கூறிற்று. அதற்கு மேல் இருவருக்கும் உள்ள உறவைத் துருவிப் பார்க்க அது முனையவில்லை.

முப்பத்து மூன்று ஆண்டுகள் சென்றபின், 2018 நவம்பர் 13 அன்று, புதிய ஷீ-ரா தொடர் நெட்பிளிக்ஸ் வாயிலாக வெளிவந்தது. டிரீம்வொர்க்ஸ் நிறுவனம் தயாரித்த இதனை உருவாக்கியவர் என். டி. ஸ்டீவன்சன் என்னும் சித்திரக்கதை ஆசிரியர். ஐந்து பாகங்களும் ஐம்பத்திரண்டு பகுதிகளும் கொண்ட இத்தொடர் 2020 மே 15 அன்று நிறைவு பெற்றது. பழைய தொடரில் 'உடன்பிறந்தான்' என்ற ஒற்றைச் சொல்லாய் நின்ற உறவைப் புதிய தொடர் எடுத்துக்கொண்டு அதற்கு அச்சம் தரும் ஒரு பொருளைக் கற்பித்தது. ஹோர்டாக் அப்பேரரசனுக்குத் தம்பியாய்ப் பிறந்தவன் அல்லன்; அவன் உடலிலிருந்தே படியெடுக்கப்பட்ட நகல். இந்த ஒரு மாற்றத்தால் பொம்மைக் கடையின் பகைவன், நாம் நின்று நோக்க வேண்டிய பாத்திரமாகிவிட்டான்.

விண்மீன் இல்லாத வானம்

கதை நிகழும் இடம் எதீரியா என்னும் கோள். அதன் இரவு வானில் விண்மீன்களே இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பேரண்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு, வெற்றுப் பரிமாணம் ஒன்றில் ஒளித்து வைக்கப்பட்ட உலகம் அது. அங்கே இயற்கையின் ஆற்றல்களோடு இணைந்த இளவரசிகள் ஆளுகிறார்கள். அவர்களை அடக்கி அக்கோளைக் கைப்பற்ற முயல்கிறது ஹோர்ட் படை. அதன் தலைவன் ஹோர்டாக். 'அச்ச மண்டலம்' என்று பொருள்படும் பெயருடைய அவனது கோட்டையில் இரும்பும் புகையும் பச்சை ஒளியும் அன்றி வேறொன்றும் இல்லை. பெற்றோரை இழந்த பிள்ளைகளை அங்கே படைவீரர்களாகப் பழக்குகிறார்கள். அடோராவும் காட்ராவும் அவ்வாறு ஒன்றாக வளர்ந்த இரு சிறுமியர். அடோரா தான் சார்ந்த படையின் கொடுமையைக் கண்டு விலகி, மாய வாள் ஏந்தி ஷீ-ரா ஆகிறாள். காட்ரா அங்கேயே தங்கிப் பதவியில் உயர்கிறாள்.

முதற் பாகத்தில் ஹோர்டாக் பெரும்பாலும் நிழலிலேயே நிற்கிறான். சிவந்த கண்கள், வெளுத்த முகம், கனத்த கவசம், தாழ்ந்த குரல் ஆகியவையே அவனைப் பற்றி நாம் அறிவன. போர்முனைக்கு அவன் செல்வது அரிது. தன் ஆய்வுக்கூடத்தில் தனித்திருந்து ஏதோ ஒரு பொறியை ஓயாது செய்துகொண்டிருக்கிறான். அது எதற்கு என்பதும், ஒரு கோளையே நடுங்கச் செய்பவன் ஏன் தன் அறையைவிட்டு வெளிவர மறுக்கிறான் என்பதும் மூன்றாம் பாகத்தில்தான் விளங்குகின்றன.

குறைபட்ட நகல்

எதீரியாவுக்கு அப்பால், விண்மீன்கள் நிறைந்த வெளியில், ஹோர்ட் பிரைம் எண்ணற்ற உலகங்களை அடக்கி ஆளுகிறான். அவன் படையினர் யாவரும் அவனுடைய நகல்கள். ஒரே முகம், ஒரே உடை, ஒரே குரல். அவர்கள் உள்ளங்கள் அனைத்தும் அவன் உள்ளத்தோடு பிணைக்கப்பட்டவை. தான் வேண்டும்போது எந்த நகலின் உடலிலும் அவன் புகுந்து அதன் கண்ணால் காண்பான். அதன் வாயால் பேசுவான். பழைய உடல் தளரும்போது வேறொரு நகலின் உடலுக்கு மாறிவிடுவான். கூடுவிட்டுக் கூடு பாயும் சித்தர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது விளங்குவது எளிது. ஆனால் இங்கே பாயப்படும் கூடுகள் உயிருள்ள மனிதர்கள் என்பதை நினைக்கும்போது நெஞ்சு திடுக்கிடுகிறது. அவர்களை அவன் 'தம்பி' என்றே அழைக்கிறான். அச்சொல்லைச் சொல்லும்போது அவன் முகத்தில் புன்னகையும் இருக்கும். அன்பு மட்டும் இராது.

ஹோர்டாக் ஒரு காலத்தில் அப்படையில் உயர்ந்த தளபதியாய் விளங்கியவன். பின்னர் அவன் உடலில் ஒரு குறைபாடு வெளிப்பட்டது. உடல் மெல்ல மெல்லத் தேயத் தொடங்கிற்று. முழுமையை அன்றி வேறெதையும் ஏற்காத பிரைம் அவனைப் போர்முனைக்குச் செத்து ஒழியும்படி அனுப்பினான். அங்கே திறந்த ஒரு வாயில் அவனை இழுத்து, விண்மீன் இல்லாத எதீரியாவில் எறிந்தது. அவன் அணிந்திருக்கும் கனத்த கவசம் பகைவரின் ஆயுதத்துக்கு அஞ்சி அணிந்தது அன்று. தன் உடல் சரிந்துவிடாமல் தாங்கி நிற்பதற்கு அணிந்தது. அவன் ஓயாது செய்யும் பொறி, பிரைமிடம் திரும்பிச் செல்வதற்கான வாயில். எதீரியாவை வென்று, அதனைக் காணிக்கையாக அண்ணன் காலடியில் வைத்து, 'நான் பயனற்றவன் அல்லன்' என்று காட்ட வேண்டும் என்பதே அவன் வாழ்வின் ஒரே நோக்கம்.

தன்னைக் கொல்ல நினைத்தவனின் பாராட்டைப் பெறுவதற்காக ஒருவன் ஓர் உலகையே தீக்கு இரையாக்குகிறான். இக்கதையின் உயிர்நிலை இதுவே.

நகல் என்பது உண்மையில் நிகர்தானா?

படியெடுத்தல் இன்று கற்பனை மட்டும் அன்று. ஸ்காட்லாந்தில் ராஸ்லின் ஆய்வு நிலையத்தில் 1996 ஜூலை 5 அன்று டாலி என்னும் பெண்ணாட்டுக் குட்டி பிறந்தது. ஆறு வயது ஆடு ஒன்றின் மடியிலிருந்து எடுத்த உயிரணுவைக் கொண்டு அதனை உருவாக்கினார்கள். அவ்வாறு ஒட்டி அமைத்த 277 கருமுட்டைகளில் உயிரோடு பிறந்தது டாலி ஒன்றே. நம் நாட்டிலும் அரியானாவின் கர்னால் நகரில் உள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தில் 2009 பிப்ரவரியில் ஓர் எருமைக் கன்று படியெடுத்தல் முறையில் பிறந்தது. அது சில நாட்களே வாழ்ந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் கரிமா என்னும் கன்று பிறந்தது.

இவற்றைவிட நம் கதைக்கு நெருங்கிய சான்று ஒரு பூனைக்குட்டி. அமெரிக்காவில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் 2001 டிசம்பர் 22 அன்று, ரெயின்போ என்ற மூவண்ணப் பூனையிலிருந்து படியெடுத்த குட்டி பிறந்தது. அதற்கு 'சிசி' என்று பெயரிட்டார்கள். ரெயின்போவின் மரபணுக்களே சிசியிடமும் இருந்தன. ஆனால் ரெயின்போவின் மேனியில் இருந்த செம்மஞ்சள் நிறம் சிசியிடம் இல்லை. மூவண்ணப் பூனையின் உடலில் எந்த உயிரணுவில் எந்த நிறத்தின் மரபணு விழித்திருக்கும், எது உறங்கும் என்பது கருவளரும்போது தற்செயலாக அமைவது. மூலமும் நகலும் ஒரே நூலால் ஆனவை, நெசவு வேறாகிவிட்டது. இயற்கை ஒருபோதும் அச்சுக்கூடம் போல் வேலை செய்வதில்லை.

இதை மனத்தில் கொண்டு பார்த்தால், ஹோர்டாக்கின் 'குறைபாடு' என்பது வேறு விதமாகத் தோன்றும். குறை அவன் உடலில் மட்டும் இருந்ததா? தன்னில் இம்மியும் மாறாத உருவம் வேண்டும் என்று கேட்ட பிரைமின் ஆசையிலும் இருந்ததா?

ஆய்வுக்கூடத்தில் ஒரு நட்பு

எண்ட்ராப்டா என்பவள் இளவரசிகளில் ஒருத்தி. பொறிகளிடத்தில் பெருங்காதல் உடையவள். நீண்ட இரட்டைப் பின்னல்களையே கைகளாகப் பயன்படுத்தி எந்திரங்களைப் பிரித்துக் கோப்பவள். மனிதர்களோடு பழகும் நயம் அவளுக்குக் கைவராதது. போர் ஒன்றில் அவள் இறந்துவிட்டதாக எண்ணித் தோழியர் அவளைப் பகைவர் கோட்டையில் விட்டுச் செல்ல, அவர்கள் தன்னைக் கைவிட்டார்கள் என்று நம்பி அவள் ஹோர்ட் படையோடு தங்கிவிடுகிறாள். ஒருநாள் எவரும் நுழைய அஞ்சும் ஹோர்டாக்கின் ஆய்வுக்கூடத்துக்குள் அனுமதியின்றி நுழைந்து, அவன் பொறியில் உள்ள பிழையைத் திருத்தத் தொடங்குகிறாள். கைவிடப்பட்ட இருவர் இவ்வாறு சந்திக்கிறார்கள்.

ஒருமுறை உடல் தளர்ந்து ஹோர்டாக் அவள் முன்னே வீழ்கிறான். மறைத்து வைத்த உண்மை வெளிப்படுகிறது. தான் ஒரு நகல், அதுவும் தோற்ற நகல் என்று அவன் வெட்கத்தோடு சொல்கிறான். எண்ட்ராப்டா அவனுக்காக இரங்கவும் இல்லை. ஆறுதல் மொழிகளை அடுக்கவும் இல்லை. தோல்வியே ஆராய்ச்சிக்கு அடிப்படை என்று அறிந்தவள் அவள். குறைகளிலும் ஓர் அழகு உண்டு என்று, பொறியைப் பற்றிப் பேசும் அதே குரலில் கூறிவிட்டு, அவன் உடலைத் தாங்கத்தக்க புதிய கவசம் ஒன்றைச் செய்து தருகிறாள். பழங்காலத்துப் படிகம் ஒன்று அதற்கு ஆற்றல் தருகிறது. பிரைம் வெளியே எறிந்த உடலை அவள் பழுதுபார்த்து நிமிர்த்தி வைக்கிறாள்.

இந்நிலையில் காட்ரா குறுக்கிடுகிறாள். வாயிலைத் திறந்தால் உலகமே சிதையும் என்று எச்சரிக்க முற்பட்ட எண்ட்ராப்டாவை அவள் வீழ்த்தி, கொடிய விலங்குகள் வாழும் தீவுக்கு நாடு கடத்துகிறாள். எண்ட்ராப்டா துரோகம் செய்துவிட்டாள் என்று ஹோர்டாக்கிடம் பொய் உரைக்கிறாள். அவனும் நம்பிவிடுகிறான். இதில் வியப்பு இல்லை. வாழ்நாளில் ஒருமுறை கைவிடப்பட்டவனுக்கு, 'உன்னை மீண்டும் கைவிட்டார்கள்' என்ற செய்தியைவிட நம்பத்தக்க செய்தி வேறு கிடையாது. அந்தக் கசப்பை ஹோர்டாக் எதீரியா முழுவதன் மேலும் போராகக் கொட்டுகிறான்.

பெயரே குற்றமாயிற்று

நான்காம் பாகத்தின் இறுதியில் எதீரியா வெற்றுப் பரிமாணத்திலிருந்து வெளிப்படுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் அதன் வானில் விண்மீன்கள் தோன்றுகின்றன. அவற்றோடு ஹோர்ட் பிரைமின் கப்பல்களும் தோன்றுகின்றன. ஹோர்டாக் எதற்காக இத்தனை காலம் ஏங்கினானோ அந்த நாள் வந்துவிட்டது. அண்ணன் முன் மண்டியிட்டு, 'உமக்காக இவ்வுலகை வென்றேன்' என்கிறான். பிரைம் அவன் உள்ளத்துக்குள் நுழைந்து பார்க்கிறான். அங்கே அவன் கண்டு வெகுண்டது இவன் தனக்கென ஒரு பேரரசு அமைத்ததை. அதனினும் மேலாக, தனக்கென ஒரு பெயர் வைத்துக்கொண்டதை!

இக்காட்சியை மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு, 'பெயருக்காகவா இத்தனை சினம்?' என்று தோன்றலாம். நம் வழக்கில் குழந்தைக்குப் பெயர் சூட்டுவது ஒரு விழா. சுற்றத்தார் கூடி, அதன் காதில் பெயரை ஓதி, 'இனி நீ இன்னார்' என்று உலகுக்கு அறிவிக்கிறோம். பெயர் உடையவன் தனி மனிதன். அவனை மற்றொருவனுக்கு மாற்றாக நிறுத்த முடியாது. பிரைமின் பேரரசோ யாரும் யாருக்கும் மாற்றாக நிற்கலாம் என்பதன் மேல் எழுந்தது. அங்கே எவருக்கும் பெயர் இல்லை. ஆகவே ஒரு பெயர் அப்பேரரசின் அடித்தளத்தையே பெயர்த்துவிடும். கொடுங்கோலன் அஞ்சியது வீண் அச்சம் அன்று.

பிரைம் ஹோர்டாக்கின் நினைவைத் துடைத்து எறியக் கட்டளையிடுகிறான். ஐந்தாம் பாகத்தில் அவனைப் பச்சை நிற நீர்த்தொட்டியில் இறக்கித் தூய்மைப்படுத்தும் சடங்கு வருகிறது. சுற்றிலும் அவன் முகத்தையே உடைய நகல்கள் நின்று ஓதுகின்றன. அவன் அலறுகிறான். பின் எழுகிறான். முகத்தில் வெறுமையான புன்னகை. பகைவனாகவே நாம் அறிந்த ஒருவனுக்காக நம் நெஞ்சு பதைக்கும்படி செய்கிறது அக்காட்சி.

இதனிடையே நகைச்சுவைக்கும் இடம் உண்டு. பிரைமின் உள்ளப் பிணைப்பிலிருந்து தற்செயலாக அறுபட்ட மற்றொரு நகல், இளவரசிகளின் கூட்டத்தில் வந்து சேர்கிறது. ஹோர்டாக் என்று எண்ணி அழைத்து வந்தவன் வேறொருவனாக இருந்ததால் 'பிழை ஹோர்டாக்' என்ற பெயர் அவனுக்கு நிலைத்துவிடுகிறது. குழந்தை போல் எதையும் நம்புகிறவன் அவன். பிரைம் தவறே செய்யாதவன் என்று அவன் கொண்டிருந்த நம்பிக்கை, பிரைம் தோற்றுப்போன ஓர் உலகத்தைக் கண்டதும் நொறுங்குகிறது. அதன்பின் அவன் படும் பாடு நம்மைச் சிரிக்கவும் வைக்கிறது, சிந்திக்கவும் வைக்கிறது. ஒரே உடலிலிருந்து எடுத்த இரு நகல்கள். ஒருவன் கடுமையும் கசப்பும் உடையவன். மற்றவன் இளகிய உள்ளத்தான். வாழ்ந்த வாழ்வு வேறு, ஆகவே ஆளும் வேறு. சிசி என்னும் பூனைக்குட்டி தன் மேனியால் சொன்னதை இவர்கள் குணத்தால் சொல்கிறார்கள்.

கும்பகருணனா, வீடணனா?

இறுதிப் போரில் எண்ட்ராப்டா பிரைமின் பிடியில் அகப்படுகிறாள். காவல் நிற்கும் நகல்களில் ஒருவன் ஹோர்டாக். அவன் நினைவு முழுதும் அழியவில்லை. அவள் முகமும், பழைய படிகமும் அவன் உள்ளத்தின் ஆழத்தில் எதையோ அசைத்துவிட்டிருந்தன. 'என் உருவில் நான் படைத்த உனக்குத் தனி வாழ்வு ஏது?' என்னும் பொருள்பட முழங்குகிறான் பிரைம். அப்போது ஹோர்டாக் விடை சொல்கிறான். தான் தனக்கென ஒரு பெயர் கொண்டதையும், ஒரு வாழ்வை அமைத்ததையும், ஒரு நட்பைப் பெற்றதையும் எண்ணிச் சொல்லி, 'நான் ஹோர்டாக்' என்று அறிவித்து, அண்ணனை எதிர்த்து வீழ்த்துகிறான்.

அண்ணனுக்கும் தம்பிக்கும் நேர்ந்த இத்தகைய நெருக்கடி நம் இலக்கியத்துக்குப் புதிதன்று. கும்பகருணன் அறம் எதுவென்று அறிந்தும் செஞ்சோற்றுக் கடனுக்காக அண்ணனோடு நின்று மாண்டான். வீடணன் அண்ணனைவிட அறமே பெரிதென்று பிரிந்து சென்றான். இருவருள் உயர்ந்தவர் யார் என்று கம்பன் விழாக்களில் பட்டிமண்டபம் கூட்டி வாதிட்டு வருகிறோம். ஹோர்டாக் கதையின் பெரும்பகுதியில் கும்பகருணனாக நின்று, கடைசியில் வீடணனாக மாறுகிறான் என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. இராவணன் தன் தம்பியரிடம் அன்பு இல்லாதவன் அல்லன். கும்பகருணன் வீழ்ந்தபோது அவன் கதறினான். பிரைமோ தம்பி என்று அழைத்தவாறே தம்பியைக் குப்பையில் எறிந்தவன். சோறே இடாதவனுக்குச் செஞ்சோற்றுக் கடன் ஏது? உண்டாக்கியவன் என்ற ஒன்றே ஒருவனை என்றும் அடிமையாக வைத்துக்கொள்ளப் போதுமா? உண்டாக்கியதனால் மட்டும் கடன் பிறப்பதில்லை, பேணியதனால்தான் பிறக்கிறது என்று இத்தொடர் தீர்ப்புக் கூறுகிறது.

அத்துடன் கதை முடியவில்லை. வீழ்த்தப்பட்ட பிரைம் ஹோர்டாக்கின் உடலிலேயே புகுந்துகொள்கிறான். ஷீ-ரா தன் ஆற்றலால் பிரைமை மட்டும் நீக்கி, ஹோர்டாக்கை உயிரோடு விடுவிக்கிறாள். இங்கே கதாசிரியர் ஒரு நுட்பம் வைத்துள்ளார். முன்னொரு நாள் வாயில் வழியாக எதீரியாவுக்கு வந்த அனாதைக் குழந்தை அடோராவைக் கண்டெடுத்தவன் ஹோர்டாக்கே. தன் படைக்கு ஓர் ஆள் என்று அவன் தூக்கிய குழந்தை, அவனுக்கு மறுபிறவி தரும் தாயாக நிற்கிறது. மற்றொரு நுட்பம் காதுக்கு உரியது. ஹோர்டாக்குக்கும் பிரைமுக்கும் குரல் கொடுத்தவர் கெஸ்டன் ஜான் என்னும் ஒரே நடிகர். ஒரே தொண்டையிலிருந்து ஆணவமும் வேதனையும் தனித்தனியாகப் பிரிந்து ஒலிப்பதைக் கேட்கும்போது, நகல் மூலத்திலிருந்து பிரிவது எவ்வளவு அரிது என்பதை நம் செவியே உணர்கிறது.

துன்பம் மன்னிப்பு ஆகுமா?

இனி, பாராட்டோடு நில்லாமல் ஒரு வழக்கையும் தொடுக்க வேண்டும். ஹோர்டாக் துன்புற்றவன் என்பது மெய். அவன் துன்புறுத்தியவன் என்பதும் மெய். காட்ரா பொய் சொன்னாள் என்று அறிந்தபோது அவளிருந்த அறையின் காற்றையே உறிஞ்சி மூச்சுத் திணற வைத்தவன் அவன். பின்னர் மீண்டு வருவது அரிது எனப்பட்ட பாலைவனத்துக்கு அவளை அனுப்பினான். பிரைம் தனக்குச் செய்ததை அவன் அப்படியே அந்தப் பெண்ணுக்குச் செய்தான். உடலால் குறைபட்ட நகலாக இருந்தவன், இந்த ஒரு செயலில் மூலத்தின் மிகச் சிறந்த நகலாக விளங்கினான் என்பதே இக்கதையின் கசப்பான உண்மை. அவன் படையெடுப்பால் இல்லம் இழந்தோர் பலர். அவன் செய்த வாயிலைக் காட்ரா திறந்தபோது, உலகத்தைக் காக்கத் தன்னையே இழந்தாள் ஏஞ்செல்லா என்னும் அரசி.

தொடரின் முடிவில் அவன் மேல் விசாரணை இல்லை, தண்டனை இல்லை, அவன் வாயால் ஒரு மன்னிப்புக் கோரிக்கைகூட நம் செவியில் விழுவதில்லை. எண்ட்ராப்டாவோடு அவன் மீண்டும் சேர்வதைப் பார்த்து, மெர்மிஸ்டா என்னும் இளவரசி, 'இதை நாம் அனைவரும் ஒப்புக்கொண்டோமா?' என்ற பொருள்பட வியந்து கேட்பதோடு அவ்விஷயம் வேடிக்கையாக முடிந்துவிடுகிறது. அவள் கேட்ட கேள்வி வேடிக்கைக்கு உரியதன்று. அது நம் பிள்ளைகளிடமும் எழ வேண்டும். ஒருவன் ஏன் கொடியவன் ஆனான் என்று விளங்கிக்கொள்வது வேறு; அவன் கொடுமையைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவது வேறு. இத்தொடர் முதலாவதை மிகத் திறம்படச் செய்தது. இரண்டாவதில் நிற்க வேண்டிய இடத்தில் நில்லாமல் விரைந்துவிட்டது என்பது என் கருத்து. ஹோர்டாக் விடுதலை பெற்றான். விடுதலை பெற்றவன் பிறகு என்ன செய்து ஈடுகட்டினான் என்பது சொல்லப்படவில்லை. ஒருகால் அந்த எஞ்சிய பகுதியைப் பார்ப்போரே தத்தம் மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டும் போலும்.

நூலும் சேலையும்

இக்குறை இருந்தும், ஹோர்டாக்கின் கதையைப் பிள்ளைகளோடு பார்க்கத்தக்கது என்றே சொல்வேன். 'நீ குறைபட்டவன்' என்ற சொல் ஒருவன் உள்ளத்தில் விழுந்தால் அது எத்தனை பேரைச் சுடும் என்பதை இக்கதை காட்டுகிறது. அச்சொல்லின் நஞ்சை முறிப்பது வெற்றிகளின் குவியல் அன்று என்பதையும் காட்டுகிறது. ஓர் உலகையே வென்றும் ஹோர்டாக்கின் தாழ்வுணர்ச்சி தீரவில்லை. அருகில் அமர்ந்து கவசத்தைப் பழுதுபார்த்த ஒருத்தியின் நட்பே அவனை நிமிரச் செய்தது.

சொந்த ஊரைவிட்டு வேற்று மாநிலங்களில் குடும்பம் நடத்தும் நமக்கு இதில் தனியே ஒரு சிந்தனையும் உண்டு. நாம் வளர்ந்த தெருவில் நம் பிள்ளைகள் வளரவில்லை. பள்ளியில் ஒரு மொழி, விளையாட்டிடத்தில் ஒரு மொழி, வீட்டில் ஒரு மொழி என்று வளரும் அவர்கள் பேசும் தமிழில் வேற்றொலி சிறிது கலந்திருக்கும். அவர்கள் விழாக் கொண்டாடும் முறையிலும் நம் முறை சற்று மாறித்தான் இருக்கும். அம்மாற்றத்தைக் கண்டு வருந்துவதும், மொழியையும் மரபையும் கற்பிக்க முயல்வதும் நம் உரிமை, நம் கடமையுங்கூட. ஆனால் கற்பிப்பது ஒன்று. அச்சடிக்க நினைப்பது மற்றொன்று. பிழையோடு பேசும் பிள்ளையை நகைத்து ஒதுக்கினால் அது பேச்சையே நிறுத்திவிடும். அருகில் அமர்ந்து திருத்தினால் நாளை அதுவே நமக்குப் புதிய சொல் ஒன்றைக் கொண்டு வந்து தரும்.

நூலைப் போலச் சேலை என்று முன்னோர் சொன்னது பொய்யன்று. நூல் உறுதியாக இருந்தால் சேலை நீடித்து உழைக்கும். கரை இன்னது, நிறம் இன்னது என்று நூல் ஒருபோதும் விதித்ததில்லை. நல்ல நூலைக் கொடுப்பது நம் பொறுப்பு. நெய்து முடித்த சேலைக்கு அவர்களே பெயர் வைக்கட்டும்.